புளூட்டோவில் ஹெல்மெட்டைக் கழற்றினால்

1994 செப்டம்பர் 10 அன்று அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் 'தி மேஜிக் ஸ்கூல் பஸ்' கார்ட்டூன் தொடரின் முதல் கதை ஒளிபரப்பானது. கோளரங்கம் பார்க்கப் போன ஒரு வகுப்பு, அது மூடிக் கிடந்ததால் பள்ளிப் பேருந்திலேயே விண்வெளிக்குக் கிளம்பிவிடும். நடுவழியில் டீச்சர் மிஸ் ஃப்ரிஸில் காணாமல் போவார். பிள்ளைகள் ஒவ்வொரு கோளாகத் தேடிக்கொண்டே போய்க் கடைசியில் புளூட்டோவில் இறங்குவார்கள். அப்போது புளூட்டோவும் கோள்தான். 2006-ல்தான் அது குறுங்கோள் ஆனது.

ஆர்னால்ட் என்ற பையனின் உறவுக்காரப் பெண் ஜேனட், போன இடத்திலெல்லாம் பெருமைக்காகப் பொருள்களைச் சேர்த்து வைத்திருப்பாள். அவற்றை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று புளூட்டோவில் அடம்பிடிப்பாள். அவளைக் கிளப்ப வேறு வழி தெரியாமல் ஆர்னால்ட் தன் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவான். கண்மூடித் திறப்பதற்குள் அவன் தலை பனிக்கட்டியாகிவிடும்.

அந்தக் காட்சி எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து என்பதை ஒரே படத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் ஆபத்து குளிரால் வருகிறது என்றும் சொல்லிவிடுகிறது. அங்கேதான் அறிவியல் வேறு பக்கம் போகிறது.

புளூட்டோவின் குளிர் உண்மைதான். அதன் தரையில் சுமார் மைனஸ் 230 டிகிரி செல்சியஸ். நைட்ரஜன்கூட உறைந்து கட்டியாகக் கிடக்கும் இடம் அது. ஆனால் குளிர்ந்த இடத்தில் இருப்பதும் உடம்பு குளிர்ந்துபோவதும் ஒன்றல்ல. உடம்பின் சூடு வெளியேற ஒரு வழி வேண்டும். மார்கழி விடியலில் வெறும் காற்றில் நிற்க முடிகிறது, அதே குளிரில் இருக்கும் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. தண்ணீர் காற்றைவிட எத்தனையோ மடங்கு அடர்த்தியானது, அதனால் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது. புளூட்டோவில் காற்று இருக்கிறது என்று பெயருக்குச் சொல்லலாம். அதன் அழுத்தம் நம் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்குதான். அந்த மெல்லிய காற்று எடுத்துப்போகும் சூடு மிகக் கொஞ்சம். பிளாஸ்கின் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றை எடுத்துவிட்டுத்தானே காபியை மணிக்கணக்கில் சூடாக வைத்திருக்கிறோம்!

மிச்சமிருக்கும் பெரிய வழி கதிர்வீச்சு. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மனிதத் தலை அப்படி விடுவது ஏறக்குறைய 60 வாட், அதாவது ஒரு பழைய குண்டு பல்பு அளவு. தலையின் எடை 5 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதயம் புதுச் சூட்டு ரத்தம் எதையும் அனுப்பாவிட்டாலும், தலை சராசரியாக ஒரு டிகிரி குளிர 4 நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. 37 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அப்புறம்தான் உறைவதைப் பற்றிய பேச்சே.

சரி, அப்படியானால் ஆர்னால்டுக்கு என்னதான் ஆகும்? அழுத்தம் போனதால் வருகிற ஆபத்துகள் எல்லாம் குளிரைவிட எவ்வளவோ முந்திக்கொள்ளும்.

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பது அதன்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றைப் பொறுத்தது. பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கிறது. எவரெஸ்ட் உச்சியில் காற்று குறைவு, அதனால் 70 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். இப்படியே மேலே போனால், சுமார் 19 கிலோமீட்டர் உயரத்தில் 37 டிகிரியே போதும். அது நம் உடம்பின் சூடு! அதற்கு மேலே பாதுகாப்பு உடை இல்லாமல் போனால் எச்சிலும் கண்ணீரும் கொதிக்கத் தொடங்கும். புளூட்டோவின் அழுத்தம் அந்த எல்லையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1966-ல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்பவர் விண்வெளி உடையைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். உடைக்குள் அழுத்தம் தரும் குழாய் திடீரென்று கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடிகளில் மயங்கி விழுந்தார். அறைக்குள் அவசர அவசரமாகக் காற்றை நிரப்பியதும் நினைவு திரும்பியது. மயங்குவதற்கு முன்னால் நாக்கில் எச்சில் குமிழியிட்டதுதான் கடைசியாக நினைவில் இருப்பது என்று பின்னாளில் சொன்னார். பெரிய பாதிப்பு எதுவுமில்லாமல் பிழைத்துக்கொண்டார்.

அந்த 14 விநாடிக் கணக்குக்குக் காரணம் நுரையீரல். சாதாரணமாக நுரையீரலில் ஆக்சிஜன் அதிகம், அங்கே வந்துசேரும் ரத்தத்தில் குறைவு. அதனால் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது. வெளியே வெற்றிடமானால் இந்தப் போக்கு தலைகீழாகிவிடும். ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் நுரையீரல் வழியாக வெளியே போகத் தொடங்கும். அப்படி வெறுமையான ரத்தம் மூளைக்குப் போய்ச் சேரப் பத்து விநாடி அளவில் ஆகும். அதுவரைதான் சுயநினைவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.

உடம்பு வெடித்துச் சிதறும் என்று சில படங்களில் காட்டுவார்கள். தோலும் தசையும் அவ்வளவு லேசானவை அல்ல. திசுக்களில் இருக்கும் நீர் ஆவியாவதால் உடம்பு வீங்கும், ஆனால் வெடிக்காது. ரத்தக் குழாய்களுக்குள் அவற்றுக்கே உரிய அழுத்தம் இருப்பதால் ரத்தம் உடனே கொதித்துவிடாது.

கார்ட்டூனின் பனிக்கட்டிக்கு ஒரு சின்ன நியாயம் மட்டும் இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானைக்கு வெளியே கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. வெற்றிடத்தில் இது வெறிவேகத்தில் நடக்கும். ஈரமான வாயும் மூக்கும் மட்டும் சட்டென்று உறைநிலைக்குப் பக்கத்தில் வரலாம். காய்ந்த முடிக்கும் கன்னத்துக்கும் அது பொருந்தாது.

விண்வெளியில் நடப்பவர்களுக்குக் குளிரைவிடப் பெரிய தொல்லை சூடு என்பதும், சூட்டை எடுத்துப்போகச் சுற்றிலும் காற்று இல்லாததால்தான். 1965-ல் முதன்முதலாக விண்கலத்தை விட்டு வெளியே வந்த அலெக்ஸி லியோனவ் வியர்வையில் நனைந்துபோனார். அவருடைய உடை பலூன்போல உப்பிவிட, உள்ளே திரும்ப முடியாமல் போராடி, உடையின் காற்றில் கொஞ்சத்தை வெளியேற்றித்தான் நுழைந்தார். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் அமெரிக்க உடைக்குள் உடம்பை ஒட்டி ஒரு உள்ளாடை உண்டு. அதில் தைத்த மெல்லிய குழாய்களில் ஓடும் குளிர்ந்த நீர்தான் உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது, பாகங்கள் பிரிகிற நேரத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டு காற்று முழுவதும் வெளியேறியது. தோப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பட்சாயெவ் மூவரும் இறந்துபோனார்கள். அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. அதன்பின் சோயுஸ் விண்வெளிக்குக் கிளம்பும்போதும் பூமிக்குத் திரும்பும்போதும் அந்த உடை கட்டாயமானது.

அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கதை முடிந்ததும், பிள்ளைகள் தொலைபேசியில் கூப்பிட்டு "இது தப்பு, அது நடக்காது" என்று தயாரிப்பாளரைக் கேள்வி கேட்பதுபோல ஒரு பகுதி வரும். அவரும் ஒப்புக்கொண்டு விளக்குவார். அங்கே நான் கூப்பிட்டால் ஆர்னால்டின் காட்சியை இப்படி வரையச் சொல்வேன்: பனிக்கட்டி எதுவும் வேண்டாம். ஹெல்மெட் கழன்றதும் உடையிலிருந்த காற்று கழுத்து வழியாகச் சத்தமில்லாமல் வெளியேறட்டும். நாக்கில் குமிழிகள், கண்களில் ஒரு கூச்சம், பத்தாவது விநாடியில் கண் செருகட்டும். புளூட்டோவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் பதினாறில் ஒரு பங்குதான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து எதுவும் தரைக்கு வர அங்கே இரண்டு விநாடிகளுக்குச் சற்றே குறைவாக ஆகும், ஆகவே அவன் மெதுவாக, மிதப்பதுபோலச் சரிவான். ஜேனட் தன் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓட வேண்டும். 1960-களில் நாய்களை வைத்து நடத்திய சோதனைகளில், சுமார் 90 விநாடிகளுக்குள் காற்றழுத்தம் திரும்பக் கிடைத்தவை பெரும்பாலும் பிழைத்தன. அதில் பத்து விநாடி ஏற்கெனவே போய்விட்டது.