கிளவுட் தொலைபேசி அறுந்துபோகும் இடங்கள்

அலுவலகங்களுக்குத் தொலைபேசி அமைப்புகளை நிறுவுவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். அலுவலகத்துக்குள் அழைப்புகளை இணைத்துத் தரும், மூலையில் மாட்டியிருந்த பழைய பி.பி.எக்ஸ். பெட்டியைக் கழற்றிவிட்டு, சேவை நிறுவனத்தின் தரவு மையத்திலிருந்து இயங்கும் கிளவுட் தொலைபேசிக்கு மாற நினைப்பவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அவர்களுடைய சர்வர் நின்றுபோனால் எங்கள் கதி என்ன?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் "ஃபோன் வேலை செய்யவில்லை" என்று அழைத்த இடங்களுக்கு நான் போய்ப் பார்த்தபோதெல்லாம், பெரும்பாலும் சர்வர் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது. கோளாறு மேசைமேல் இருக்கும் கருவிக்கும் அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவருக்கும் இடையில் எங்கோ இருந்தது.

ஒப்பந்தத்தில் 99.99 சதவீத இயக்க உறுதி என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள், அந்த எண் எதை அளக்கிறது என்பதைப் படிப்பதில்லை. கணக்குப் போட்டால், 99.9 சதவீதம் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிட நிறுத்தத்தையும், 99.99 என்பது சுமார் 53 நிமிட நிறுத்தத்தையும் அனுமதிக்கிறது. அதுவும் சேவை நிறுவனத்தின் சொந்த அமைப்புக்கு மட்டும்தான்; உங்கள் இணைய இணைப்பு, ரவுட்டர், மின்சாரம் எதுவும் அந்தக் கணக்கில் வராது. முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு நேரத்தையும் பல ஒப்பந்தங்கள் கழித்துவிடுகின்றன. உறுதி தவறினால் கிடைப்பது பெரும்பாலும் மாதக் கட்டணத்தில் ஒரு சிறு கழிவு. அன்றைக்கு வராமல் போன வாடிக்கையாளரின் அழைப்புக்கு அதில் ஈடு கிடையாது. சர்வர் தரப்பில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் கனடாவின் வாய்ப்.எம்.எஸ். தொலைபேசிச் சேவை நிறுவனத்தின்மீது, போலிக் கோரிக்கைகளைக் குவித்துச் சர்வரைத் திணறடிக்கும் சேவை மறுப்புத் தாக்குதல் நடந்தபோது அதன் வாடிக்கையாளர்கள் நாள்கணக்கில் அவதிப்பட்டார்கள். அந்த ஆபத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட அடிக்கடி நேர்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

முதலில் மின்சாரம். பழைய செம்புக்கம்பித் தொலைபேசிக்கு அலுவலக மின்சாரமே தேவைப்படவில்லை; எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரியே கம்பி வழியாகக் கருவியை இயக்கியது. இன்று தொலைபேசி மணி ஒலிக்க வேண்டுமானால், ஃபைபர் இணைப்பு வந்து சேரும் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச், இணையம் வழியாகப் பேசும் ஐபி ஃபோன் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். நான் பார்த்த பல அலுவலகங்களில் கணினிகளுக்கெல்லாம் யு.பி.எஸ். இருந்தது, ரவுட்டருக்கும் இருந்தது, ஆனால் வரவேற்பறைச் சுவரில் தனியாகத் தொங்கும் ஃபைபர் பெட்டி மட்டும் சாதாரண பிளக்கில் இருந்தது. கட்டடத்தில் மின்சாரம் போனதும், மற்ற மூன்றும் விளக்கெரிய நின்றாலும் தொலைபேசி ஊமையாகிவிடும். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் ஸ்விட்ச்சை வாங்கி, அதையும் ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் சேர்த்துவிட்டால், மேசைதோறும் தனித்தனி அடாப்டர் பற்றிய கவலையும் தீர்ந்துவிடும். அந்த யு.பி.எஸ். பேட்டரியின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் என்பதை நினைவில் வைத்து, வாங்கிய தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது குரல். "வேகமான இணைப்புதானே வைத்திருக்கிறோம், பிறகு ஏன் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது?" என்ற கேள்விக்கு விடை வேகத்தில் இல்லை. குரலைத் தரவாக மாற்றும் வழக்கமான ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு, ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 90 கிலோபிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே ஆகிறது. இருபது பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 2 மெகாபிட்டைத் தாண்டாது. ஆனால் நொடிக்கு 50 பாக்கெட்டுகளாக, அதாவது சிறு தரவுத் துண்டுகளாக, போகும் அந்தக் குரல் சீரான இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஓர் அலுவலகத்தில் தினமும் பிற்பகல் மூன்று மணிக்குமேல் குரல் உடைந்தது. சேவை நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கே அவர்கள் வந்துவிட்டார்கள். காரணம், அந்த நேரத்தில் தொடங்கிய பேக்கப். கோப்புகள் மேலேற்றும் பாதை முழுவதையும் நிரப்பிவிட, குரல் பாக்கெட்டுகள் ரவுட்டரில் வரிசையில் காத்துக் கிடந்தன. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, மொத்த மேலேற்ற அளவை இணைப்பின் உண்மையான திறனுக்குச் சற்றுக் கீழே கட்டுப்படுத்தியதும், பேக்கப் நேரத்தை இரவுக்கு மாற்றாமலேயே சிக்கல் தீர்ந்தது.

சரியாக 32 நொடியில் அழைப்பு துண்டிக்கப்படுகிறது என்ற புகாரும் எனக்கு அடிக்கடி வரும். இது தற்செயலான எண் அன்று. இணையவழி அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும், 2002-இல் வெளியான எஸ்.ஐ.பி. நெறிமுறையின்படி, அழைப்பை ஏற்றுக்கொண்ட செய்திக்கு மறுமுனையிலிருந்து ஒப்புதல் வர வேண்டும். வராவிட்டால், அழைப்பை ஏற்ற முனை அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, 32 நொடிக்குப் பிறகு அழைப்பை முடித்துவிடும். அந்த ஒப்புதல் வழியில் தொலைந்துபோவதற்குப் பெரும்பாலும் ரவுட்டரில் உள்ள எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற வசதியே காரணம். உதவி செய்வதற்காக வைத்த அது, செய்திகளில் உள்ள முகவரிகளைத் தவறாகத் திருத்திவிடுகிறது. அதை அணைத்துவிட்டாலே பல அலுவலகங்களில் இந்தப் புகார் மறைந்துவிடும்.

இனி, இரண்டாவது இணைய இணைப்பு. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த ஓர் அலுவலகத்தில், வாசலில் குழி தோண்டியபோது இரண்டுமே ஒரே நேரத்தில் அறுந்தன. இரண்டு கேபிளும் ஒரே குழாய் வழியாக உள்ளே வந்திருந்தன. அதனால் ஒன்று ஃபைபராகவும் மற்றது மொபைல் டேட்டாவாகவும் இருப்பதையே நான் விரும்புகிறேன். இணைப்பு மாறும்போது, இணையத்தில் அலுவலகத்தை அடையாளம் காட்டும் வெளிமுகவரியும் மாறுவதால், பேசிக்கொண்டிருக்கும் அழைப்புகள் பொதுவாக அறுந்துவிடும். அதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று: ஃபோன்கள் தாங்கள் இருக்கும் முகவரியைச் சர்வரிடம் மறுபதிவு செய்யும் இடைவெளி ஒரு மணிநேரம் என்று வைத்திருந்தால், மாற்றத்தை உணர முடியாத கருவிகளுக்கு அதுவரை உள்வரும் அழைப்பே வராமல் போகலாம். வெளியே அழைக்க முடிவதால் எல்லாம் சரியாக இருப்பதாக ஊழியர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்த இடைவெளியைச் சில நிமிடங்களாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இவை அத்தனையும் தோற்றாலும் கைகொடுக்கும் ஒரு வசதி கிளவுட் தொலைபேசியில் இருக்கிறது. உங்கள் எண் உங்கள் கட்டடத்தில் இல்லை. எனவே அலுவலகம் முழுவதும் இருண்டாலும், வரும் அழைப்பை சர்வரே ஒரு கைபேசிக்குத் திருப்பிவிட முடியும். சேவையின் நிர்வாகப் பக்கத்தில் அதற்காக உள்ள "தொடர்பில் இல்லாதபோது திருப்புக" என்ற இடம் பெரும்பாலான அலுவலகங்களில் காலியாகவே கிடக்கிறது என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் என்னை மிகவும் வருத்திய விஷயம். நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதே பக்கத்தில், தேவையில்லாத வெளிநாட்டு அழைப்புகளையும் பூட்டிவிடுங்கள். கடவுச்சொல்லைத் திருடி, விடுமுறை நாள்களில் உயர்கட்டண எண்களுக்கு அழைத்துப் பணம் பறிக்கும் மோசடி உண்மையிலேயே நடக்கிறது. லிஃப்ட்டின் அவசரத் தொலைபேசியும் அலாரமும் பழைய லைனில் இருந்தால், அவற்றுக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் அந்த லைனை ரத்து செய்யாதீர்கள்.

நிறுவி முடித்து ஒப்படைக்கும் நாளில் ஒரு சோதனை செய்யாமல் நான் கிளம்புவதில்லை. வேலை நேரத்தில், உரிமையாளர் முன்னிலையில், ஃபைபர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வெளியிலிருந்து அலுவலக எண்ணுக்கு அழைத்து, எத்தனை நொடியில் எந்தக் கருவி ஒலிக்கிறது என்று குறித்துக்கொள்வேன். பிறகு மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிட்டு மறுபடி அழைப்பேன். அண்மையில் ஓர் இடத்தில் இரண்டாவது அழைப்பு எங்குமே ஒலிக்கவில்லை. திருப்பிவிடும் எண்ணைச் சரிபார்க்கலாம் என்று உரிமையாளர் தன் கைபேசியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறந்தார். உள்ளே நுழைய ஒரு சரிபார்ப்புக் குறியீடு கேட்டது. அந்தக் குறியீட்டைச் சொல்லும் குரல் அழைப்பு, நாங்கள் அப்போதுதான் ஊமையாக்கியிருந்த அலுவலக எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது.