டப்பாவில் எத்தனை மாத்திரை இருக்கிறது?

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சுகர், பிபி என்று மாதாமாதம் நோட்டுடன் வந்து வரிசையில் உட்காரும் பெரியவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். பாதிப் பேருக்கு நோட்டைப் பிரிக்காமலே எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று சொல்லிவிடுவேன். 2020 மார்ச் 25-ல் கொரோனா ஊரடங்கு வந்த பிறகு அந்த வரிசை ஒரே வாரத்தில் காணாமல் போனது.

பஸ் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று பயம். தொலைக்காட்சியிலும் தெருவில் போன ஆட்டோ ஒலிபெருக்கியிலும் ஒரே வார்த்தைதான்: வயதானவர்கள் வெளியே வராதீர்கள். நாங்களும் அதையேதான் சொன்னோம். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் ஒரு பாட்டி வந்தார். வயது அறுபத்தெட்டு, பத்து வருடமாகச் சுகர். முந்தானையை நான்காக மடித்து மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார். "வாசப்படிய தாண்டல சிஸ்டர். யார் வந்தாலும் திண்ணையோட சரி. கைய எத்தனை தடவ கழுவுறேன் தெரியுமா" என்றார். குரலில் பெருமை இருந்தது, அது நியாயமான பெருமையும்கூட. மாத்திரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். முப்பது நாள் மாத்திரையைப் பாதிப் பாதியாக உடைத்து கிட்டத்தட்ட எழுபது நாள் ஓட்டியிருக்கிறார். கடைசி இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். வெறும் வயிற்றில் சுகர் 312. கால் கட்டைவிரலின் அடியில் ஒரு புண். பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்கே தெரியவில்லை. நான் செருப்பைக் கழற்றச் சொன்னபோதுதான் பார்த்தோம்.

கொரோனாவுக்காக அவர் செய்யாதது ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாரம் யாராவது தொற்றை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தால், தெருவிலேயே அவருக்குத்தான் ஆபத்து அதிகமாக இருந்திருக்கும். ரத்தத்தில் சர்க்கரை நாள்கணக்கில் ஏறியே இருந்தால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே வராதீர்கள் என்று சொன்ன நாங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதை அதே சத்தத்தில் சொல்லவில்லை.

அதன் பிறகு எங்கள் நிலையத்தில் இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுத்தோம். வர முடியாதவர்களுக்குப் பேரனோ பக்கத்து வீட்டுக்காரரோ நோட்டைக் கொண்டுவந்தால் போதும் என்றோம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே போகும் திட்டம் அது. ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் எத்தனை கால் புண்களைத் தவிர்த்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

மாத்திரை தீர்ந்துபோனதால் விட்டவர்கள் ஒரு பக்கம். கையில் இருந்தும் விட்டவர்கள் உண்டு. கொரோனா வைரஸ் நம் உடல் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதத்தின் பெயர் ஏசிஇ2. எனலாப்ரில், லோசார்டன் போன்ற பிபி மாத்திரைகள் அதைக் கூட்டிவிடுமோ என்று 2020 மார்ச்சில் ஒரு சந்தேகம் எழுந்தது. இதயநோய் மருத்துவர்களின் சங்கங்கள் அந்த மாதமே, யாரும் நிறுத்த வேண்டாம் என்று அறிவித்தன. பின்னால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினரை மாத்திரையைத் தொடரவும் மற்றவர்களை நிறுத்தவும் சொல்லி ஆய்வு செய்தபோது, தொடர்ந்தவர்களுக்குக் கூடுதல் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றியது முதல் சந்தேகம் மட்டும்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நன்றாகப் படிப்பவர், மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தலைவலியோடு வந்தார். பிபி 190/110.

கபசுரக் குடிநீரும் அப்படித்தான். குடிப்பதை நான் தடுத்ததில்லை. அதைக் குடிப்பதால் சுகர் மாத்திரை தேவையில்லை என்று முடிவு செய்தவர்களிடம்தான் மல்லுக்கட்டினேன். கசப்புத் தெரியாமல் இருக்கப் பனங்கற்கண்டோ தேனோ கலந்து, "இது சுகருக்கு ஒண்ணும் செய்யாது" என்பார்கள். செய்யும். வெள்ளைச் சர்க்கரை போல இதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஆவி பிடித்தலில் இன்னொரு ஆபத்து: கால் மரத்துப்போன பெரியவர் கொதிக்கும் பாத்திரத்தை மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்தால், கொட்டிய பிறகுதான் தெரியும்.

முகக்கவசத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் போடுவதில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஏன் இறக்கிவிடுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். கண்ணாடியில் ஆவி படிந்து படி தெரியாமல் போகும், விழுந்துவிடுவோம் என்ற பயம். வெற்றிலை போடுகிறவர் துப்புவதற்காக இறக்குவார், திரும்ப ஏற்ற மறந்துவிடுவார். இழுப்பு உள்ளவருக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். காது மந்தமானவர் நம் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார். அதனால் அவரிடம் பேசுகிற நாம்தான் நம்முடையதை இறக்கிவிட்டுக் கிட்டே போய்க் கத்துவோம். அவர் சரியாகப் போட்டிருந்தும் பயனில்லாமல் போவது நம்மால்தான். நான் ஒரு சிலேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் விரலால் எண்ணிக்கை காட்டினேன். இழுப்பு உள்ளவர்களிடம் நாள் முழுக்கப் போடச் சொல்லாமல், பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் கல்யாண மண்டபத்திலும் மட்டும் கழற்ற வேண்டாம் என்றேன். அதைச் செய்தார்கள்.

கை கழுவச் சோப்பு போதும், சானிடைசருக்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. மூட்டுவலிக்காரர் கொல்லைப்புறக் குழாய்வரை ஆறு தடவை நடக்க மாட்டார். ஒரு வாளி, ஒரு குவளை, ஒரு சோப்பு, இவை வாசலிலேயே இருக்க வேண்டும். அதை வைப்பது வீட்டில் இருக்கும் மற்றவர்கள் வேலை. சொல்லப்போனால் பெரியவர்களின் பாதுகாப்பில் பெரும்பங்கு மற்றவர்கள் கையில்தான் இருக்கிறது. வேலைக்குப் போய்விட்டு இருமலோடு வருகிற மகன், அப்பாவின் கட்டிலில் வந்து உட்காராமல் இருக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தனியறைக்கு எங்கே போவது? கட்டிலை ஜன்னல் ஓரம் நகர்த்தி, ஜன்னலைத் திறந்தே வைக்கலாம். கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளலாம்.

தடுப்பூசி 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், நாற்பத்தைந்துக்கு மேல் இணைநோய் உள்ளவர்களுக்கும் வந்தது. என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி: "எனக்குச் சுகர் இருக்கே, ஊசி போடலாமா?" சுகர் இருப்பதால்தான் அரசாங்கம் இவர்களை முன்வரிசையில் வைத்தது. இவர்களோ அதையே காரணமாக வைத்து ஒதுங்கினார்கள். ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், 17-ம் தேதி, மாரடைப்பால் இறந்தார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆனாலும் மறுநாளிலிருந்து எங்கள் ஊசி அறை வெறிச்சோடியது. அப்போது ஒன்று செய்தேன். ஏற்கெனவே போட்டுக்கொண்ட என் சுகர் நோயாளிகள் நான்கு பேரை மாத்திரை வரிசையில் நடுநடுவே உட்கார வைத்தேன். நான் ஒரு மணிநேரம் பேசியதைவிட, "ஒரு நா கை வலிச்சுது, அவ்வளவுதான்" என்று அவர்கள் சொன்னது எடுபட்டது.

அதே வருடம் மே மாதம் இரண்டாம் அலை. பெரியவர்கள் சிலர் நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், விரலில் கருவியை மாட்டினால் ஆக்சிஜன் 88 காட்டும். மூச்சுத் திணறல் தெரியாமலே குறைந்திருக்கும். உட்கார்ந்த நிலையில் சரியாக இருந்தாலும் வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடக்க வைத்து மறுபடி பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே வந்தால் காத்திருக்கக் கூடாது. விரல் சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள், நகப்பூச்சு இருந்தால் எடுத்துவிடுங்கள். இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு உயிர் காக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தேவைப்படாதவர்கள் கடையில் தாங்களே வாங்கிப் போட்டுக்கொண்டு சுகரை ஏற்றிக்கொண்டார்கள். கறுப்புப் பூஞ்சை நோய் அந்தக் கோடையில் கண்ணைப் பறித்தது பெரும்பாலும் சுகர் கட்டுக்கடங்காமல் இருந்தவர்களிடம்தான்.

கொரோனா அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வரிசை எப்போதோ திரும்பிவிட்டது, சத்தமும் திரும்பிவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன்னால், காய்ச்சல் பரவும் நேரம் வருவதற்குள், என் பெரியவர்களை மாத்திரை டப்பாவோடு வரச் சொல்கிறேன். கூடுதலாகப் பதினைந்து நாள் மாத்திரை இருக்கிறதா என்று எண்ணுகிறேன். மூடிக்குள் ஒரு சீட்டை ஒட்டி, மாத்திரைப் பெயர்களையும் நிலையத்தின் தொலைபேசி எண்ணையும் எழுதுகிறேன். ஃபுளூ ஊசி வருடத்துக்கு ஒருமுறை போடுவது நல்லது, மருத்துவரிடம் கேளுங்கள் என்கிறேன். அந்தப் பாட்டியும் வருகிறார். கட்டைவிரல் பிழைத்துவிட்டது. டப்பாவை நீட்டுவதற்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைக் காட்டுகிறார்.