கமிட் செய்தி நீண்டால் நிரல் மெதுவாகுமா?

"ரீட்மீ கோப்பில் ஓர் எழுத்துப்பிழையைத்தான் திருத்தினேன். நிரலில் கைவைக்கவே இல்லை. ஆனால் சி.ஐ.யில் பெஞ்ச்மார்க் மெதுவாகிவிட்டதாகச் சிவப்பு வருகிறது. எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சி.ஐ. என்பது ஒவ்வொரு மாற்றத்தையும் (கமிட்) தானாகவே சோதிக்கும் அமைப்பு; பெஞ்ச்மார்க் என்பது வேகத்தை அளக்கும் சோதனை.

முதல் சந்தேகம் தெரிந்ததுதான். கிளவுடில் நமக்குக் கிடைப்பது ஓர் எந்திரத்தின் துண்டு. பக்கத்துத் துண்டில் யாராவது கனமான வேலை ஓட்டினால் கேஷ் (பிராசஸரோடு இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) பங்குபோகும். பிராசஸர் சூட்டுக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும். சரி, தனி எந்திரம் வைத்து, தானாக வேகம் கூட்டும் டர்போவையும் அணைத்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இனிமேல்தான்.

லினக்ஸில் ஒரு நிரல் தொடங்கும்போது, கெர்னல் அதன் ஸ்டாக்கின் (நிரலின் தற்காலிக மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி) உச்சியில் சூழல் மாறிகளை (வெளியிலிருந்து நிரலுக்குத் தரப்படும் பெயர்-மதிப்பு இணைகள்) எழுத்து எழுத்தாக வைக்கிறது. நிரலின் சொந்த மாறிகள் அதற்குக் கீழேதான். மேலே இருப்பது நீண்டால் கீழே இருப்பதெல்லாம் தள்ளிப்போகும். கேஷ் நினைவகத்தை 64 பைட் வரிகளாக எடுப்பதால், ஒரே வரியில் இருந்த மாறிகள் இரண்டு வரிகளில் பிரிந்துவிடலாம். இன்டெல் பிராசஸர்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஓரிடத்தில் எழுதிய கையோடு வேறிடத்தில் படிக்கப்போனால், இரண்டும் ஒரே இடமா என்று பார்க்க முகவரியின் கடைசி 12 பிட்களை மட்டும் முதலில் ஒப்பிடும். இடங்கள் சரியாக 4096 பைட் தள்ளி இருந்தாலும் அவை ஒத்துப்போகும். சம்பந்தமே இல்லாத ஓர் எழுதும் வேலைக்காகப் படிக்கும் வேலை காத்திருக்கும். சில சுழற்சிகள்தான், ஆனால் கோடி முறை சுற்றும் லூப்பில் அது நன்றாகவே தெரியும்.

இப்போது சி.ஐ.க்கு வருவோம். கிளையின் (பிராஞ்ச்) பெயரையும், மாற்றத்தோடு எழுதும் குறிப்பான கமிட் செய்தியையும் சூழல் மாறிகளாகவே தரும் அமைப்புகள் உண்டு. அங்கே செய்தியை நீட்டி எழுதினாலே ஸ்டாக் நகரும்!

டாட் மிட்கோவிச் குழுவினர் 2009இல் இதை அளந்து காட்டினார்கள். சூழல் மாறிகளின் நீளத்தை மாற்றினாலே, கம்பைலர் நிரலை வேகமாக்க முயலும் நிலைகளில் ஓ3 ஓ2வை விட வேகமா என்ற கேள்விக்கு விடை தலைகீழாகிறது. புதிய கம்பைலருக்குக் கிடைக்கும் ஆராய்ச்சி நிதி, அளவீட்டையே சோதிக்கும் இப்படிப்பட்ட வேலைக்கும் கிடைக்க வேண்டும்.

லினக்ஸ் பாதுகாப்புக்காக ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கை வேறிடத்தில் தொடங்கும். எண்கள் சிதறுகின்றன என்று பலர் அந்த வசதியை அணைத்துவிடுகிறார்கள். நான் அணைக்க மாட்டேன். அணைத்தால் எண் அசையாமல் நிற்கும், ஆனால் தற்செயலாக அமைந்த ஓர் இடத்தின் எண்ணாக நிற்கும். இடம் மாறி மாறி அமைந்து, பல ஓட்டங்களின் சராசரியை எடுத்தால்தான் அந்தத் தற்செயல் கரையும். கர்ட்சிங்கரும் பெர்கரும் 2013இல் உருவாக்கிய ஸ்டெபிலைசர் இதை முழுமையாகவே செய்தது: நிரல் ஓடும்போதே கோட், ஸ்டாக், ஹீப் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) மூன்றையும் கலைத்துப்போடும்.

அதனால் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடாதீர்கள். பழைய பதிப்பையும் புதியதையும் ஒரே எந்திரத்தில், அதே வேளையில், மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் புதிய பிராசஸாக ஓட்டுங்கள். வித்தியாசம் அந்த ஓட்டங்களின் எண்கள் சிதறும் அளவைத் தாண்டினால் மட்டும் சிவப்பு காட்டட்டும். சிவப்பு வந்தால் மறுபடி ஓட்டு, பச்சை வந்ததும் மெர்ஜ் செய் என்ற பழக்கம் வெறும் மூடநம்பிக்கை.

அதற்கெல்லாம் எந்திர நேரம் இல்லையென்றால், நேரத்தை விட்டுவிட்டுக் கட்டளைகளை எண்ணலாம். எஸ்கியூலைட் தரவுத்தளக் குழு, கட்டளைகளை எண்ணும் கேஷ்கிரைண்ட் என்ற கருவியைக் கொண்டு அப்படித்தான் அளக்கிறது. பக்கத்துத் துண்டில் யார் என்ன ஓட்டினாலும் அந்த எண்ணிக்கை அநேகமாக மாறாது. ஆனால் மேலே சொன்ன 4096 பைட் காத்திருப்பு அதில் தெரியாது. காத்திருக்கும்போது கட்டளைகள் கூடுவதில்லையே.