திருக்கை முள் குத்தினால் கயிறு கட்டாதீர்கள்

திருக்கை மீனின் வால் முள் குத்திய இன்னொருவர், கணுக்காலுக்கு மேலே நைலான் கயிறு இறுக்கிக் கட்டப்பட்டு, பாதம் நீலம் பாரித்த நிலையில் எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். முள் குத்திய காயம் விரல்நுனி அளவுகூட இல்லை. கயிறு அழுந்திய தடம்தான் காலைச் சுற்றி ஆழமாகப் பதிந்திருந்தது. உடன் வந்தவர்களோ பாம்புக்கடிக்குரிய விஷமுறிவு ஊசியைப் போடும்படி மன்றாடிக்கொண்டிருந்தார்கள்.

திருக்கையின் நஞ்சு பாம்பின் நஞ்சன்று. பாம்புக்கடிக்கே இறுக்கிக் கட்டக்கூடாது என்று மருத்துவர்கள் தொண்டை வற்றச் சொல்லி வருகிறோம். திருக்கைக்கு அது இன்னும் பொருந்தாது. இந்த நஞ்சு பெரும்பாலும் குத்திய இடத்திலேயே தன் வேலையைக் காட்டுகிறது: தாங்க முடியாத வலி, வீக்கம், சில வேளைகளில் சதை அழுகல். இரத்த ஓட்டத்தைக் கயிற்றால் தடுத்துவிட்டால், ஏற்கெனவே நஞ்சால் நலிந்த திசுவுக்குப் போக வேண்டிய ஆக்சிஜனும் நின்றுபோய், பிழைத்திருக்கக்கூடிய சதையும் சேர்ந்து சாகிறது. திருக்கைக்கென்று விஷமுறிவு மருந்து கிடையாது. பாம்புக்கான மருந்து இதற்கு எள்ளளவும் பயன்படாது என்பதோடு, கடும் ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கே உலை வைக்கவும் கூடும். ஆகவே கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பனிக்கட்டியும் வைக்காதீர்கள்.

வேண்டியது சுடுநீர். 42 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான, பொறுக்கக்கூடிய சூட்டில், காயம்பட்ட காலை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். வலியில் துடிக்கும் கால் சூட்டைச் சரியாக உணராது. எனவே காயமில்லாத காலை விட்டுப் பார்த்த பிறகே இதை இறக்க வேண்டும். பேச்சு வராமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், கால் நீரில் இறங்கிய சிறிது நேரத்தில் நிதானமாகப் பதில் சொல்லத் தொடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். நீர் ஆறினால் வலி திரும்பும். காலை வெளியே எடுத்துவிட்டுச் சூடு சேருங்கள்.

வலி அடங்கியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது அடுத்த தவறு. அந்த முள்ளின் இரு விளிம்பிலும் பின்னோக்கிச் சாய்ந்த அரம்பப் பற்கள் உள்ளன. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலுறை குத்தும்போது கிழிந்து, துணுக்குகளும் சளியும் காயத்துக்குள் தங்கிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் முள்ளின் துண்டு தெரியலாம், தோலுறை தெரியாது. படத்தில் ஒன்றுமில்லை என்றாலும் காயத்தை நன்கு கழுவியே ஆக வேண்டும் என்பதை இளம் மருத்துவர்களுக்கும் நினைவூட்டுகிறேன். டெட்டனஸ் தடுப்பூசி பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்குக் கடல்நீர்க் கிருமிகள் விரைவில் பெருங்கேடு விளைவிக்கும் என்பதால், அவர்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் தைத்திருந்தால் அதைப் பிடுங்காமல், அசையாதபடி தாங்கிப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். 2006இல் ஆஸ்திரேலியக் காட்டுயிர் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் இர்வின் உயிரிழந்தது மார்பில் பாய்ந்த திருக்கை முள்ளால்தான்.

திருக்கை யாரையும் தேடி வந்து தாக்குவதில்லை; மணலுக்குள் உடலைப் புதைத்துக் கிடக்கும் அது, மிதிபடும்போதுதான் வாலை வீசுகிறது. ஆழமற்ற கடலில் காலைத் தூக்கி வைக்காமல், மணலோடு உரசித் தேய்த்தபடி நடந்தால் அதிர்வை உணர்ந்து அது தானாகவே விலகிவிடும். முள் ரப்பர்க் காலணியையும் துளைக்கும் என்பதால் அதை நம்பி அசட்டையாக நடக்க வேண்டாம். வலையில் சிக்கியதை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். செத்த திருக்கையின் முள்ளிலும் நஞ்சு இருக்கும், குழந்தைகளிடம் அதை விளையாடக் கொடுக்காதீர்கள்.