கெமோர் மரத்தைத் தேடும்போது அடிக்கட்டையையும் எண்ணுங்கள்

கொசுவர்த்திச் சுருள் உதிராமல் நிற்க மாவைப் பிடித்துவைக்கும் ஒரு பசைப்பொடி வேண்டும். ஊதுபத்திக்கும் அப்படித்தான். அந்தப் பொடியைத் தன் பட்டையிலிருந்து தரும் மரங்களில் ஒன்று கெமோர். இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தோனேசியாவின் கலிமந்தான், சுமத்ரா பீட் சதுப்புக்காடுகளில் வளர்கிறது. உள்பட்டையைக் கிள்ளி ஈரவிரலால் தேய்த்தால் வழவழப்பு தெரியும். இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொன்னால் இதே குடும்பத்து வேறு மரங்களோடு குழம்பிவிடும்.

பீட் என்பது உதிர்ந்த இலை, வேர், கட்டை எல்லாம் நீரில் மூழ்கி, காற்றுப் படாததால் முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த படிவம். புளிப்பு மிகுந்தது, பிஎச் 3 முதல் 4 வரை இருக்கும். இரண்டு ஆறுகளுக்கு நடுவே கவிழ்த்த தட்டுபோல் மேடிட்டிருக்கும். ஓரத்தில் ஆழம் குறைவு, நடுவில் 10 மீட்டரையும் தாண்டலாம். மேட்டுக்கு ஆற்றுநீர் ஏறாது, மழையோடு வரும் சத்துதான் அங்குள்ள மரங்களுக்கு. அதனால்தான் மத்திய கலிமந்தானின் செபங்காவ் போன்ற இடங்களில் உள்ளே போகப்போகக் காடே மாறுகிறது. ஓரத்துக் கலப்புக்காட்டில் மரங்கள் 35 மீட்டர் உயரும். அதைத் தாண்டி நீர் தேங்கிக்கிடக்கும் பகுதியில் மெலிந்த குட்டை மரங்களே நிற்கும். கெமோரைத் தேடுவதைக் கலப்புக்காட்டில் தொடங்குவதே சரி.

ஆனால் பீட்டின் ஆழத்தை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் ஏமாந்துபோவோம். தரை சமமில்லை. வேர்கள் பின்னிய திட்டுகளும் அவற்றுக்கிடையே நீர் நிற்கும் பள்ளங்களும் மாறிமாறி வரும். நாற்று பிழைப்பது திட்டில். பள்ளத்தில் நட்டால் அடுத்த மழைக்காலத்தில் மூழ்கி அழுகும்.

மரங்களை எண்ணிக்கொண்டே நடக்கும் கணக்கெடுப்புக் கோட்டை ஆற்றோரத்திலிருந்து மேட்டின் நடுவை நோக்கி நேராக இழுங்கள், கால்வாய்க் கரையோரமாக வேண்டாம். படகு போகும் இடங்களில் பட்டை ஏற்கெனவே உரிக்கப்பட்டிருக்கும். அங்கே மரம் இல்லையென்றால் அது வாழிடம் இல்லை என்று அர்த்தமாகாது. நிற்கும் மரத்தோடு அடிக்கட்டை, இளமரம், நாற்று எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். பழைய பரவலைக் காட்டுவது அடிக்கட்டைதான்.

நீர்மட்டம் பார்க்க, துளையிட்ட பிவிசி குழாயைப் பீட்டுக்குக் கீழுள்ள களிமண்வரை இறக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பீட் அமுங்கும்போது குழாயும் சேர்ந்து இறங்கி அளவைக் கெடுத்துவிடும். திட்டின் உச்சியிலிருந்து அளக்காமல் பள்ளத்தின் அடியிலிருந்து அளந்து எழுதுங்கள். பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். வெறுமனே மிதித்தால் பீட் அழுந்திக் குழாயில் நீர் ஏறிக் காட்டும். மழைக்காலத்தில் எடுத்த அளவு எல்லா இடத்தையும் நல்லதாகவே காட்டும், வறட்சியின் கடைசி வாரங்களில் எடுத்ததே உண்மையைச் சொல்லும்.

1990களின் பிற்பாதியில் மத்திய கலிமந்தானில் நெல் பயிரிடச் சுமார் 10 லட்சம் ஹெக்டேரில் கால்வாய் வெட்டினார்கள். நெல் தேறவில்லை, நீர் வடிந்தது. 1997 எல் நினோ வறட்சியில் காய்ந்த பீட் மண்ணுக்கடியில் கனன்று எரிந்தது. இப்போதைய இந்தோனேசிய விதிப்படி, சாகுபடிப் பகுதியில்கூட நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்த பீட் சேதமடைந்தது. எரிந்த ஓரங்களில் வெள்ளைப்பட்டை கெலாம் அடர்ந்து வரும். அதுவும் பட்டைக்குப் பயன்படும் மரம்தான், ஆனால் அதன் அடர்த்தியைக் காடு மீண்டதாகக் கணக்கு வைக்கக் கூடாது.

கெமோர் குறைய இன்னொரு காரணம் அறுவடை முறை. உச்சிவரை பட்டை எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்க்கிறார்கள், உரித்த தண்டு காட்டிலேயே கிடக்கும். நிற்கும் மரத்தில் சுற்றிலும் உரித்தாலும் முடிவு அதேதான். வேருக்கு உணவு இறங்கும் வழி பட்டையில்தான் இருக்கிறது. விதை தரும் பெரிய மரங்களே முதலில் போவதால், பத்து இளமரங்களை விட்டுவைத்தாலும் அடுத்த பல ஆண்டுகளுக்குக் கீழே நாற்று இருக்காது.

நீர் வடியாமல் தடுக்கக் கால்வாயை அடைக்கும்போது ஒரே பெரிய அணை வேண்டாம். சிறிய அணைகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நீர்மட்ட வித்தியாசம் அதிகமாகாமல் பாருங்கள். அணையின் இரு சிறகுகளும் கரைக்குள் நன்றாக நுழைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் பக்கவாட்டில் மெத்தென்ற பீட்டை அரித்துப் புதிய கால்வாய் வெட்டிக்கொள்ளும்.