நீந்தத் தெரிந்தவர்களும் ஸ்டீல்ஹெட் ஆறும்

ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை, ஒன்ராறியோவில் ட்ரவுட் மீன்பிடி சீசன் திறக்கும் நாள். மதியம்போல, ஆற்றில் விழுந்த ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரை எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். உதடு நீலம். விரல்கள் விறைத்து, போர்வையின் நுனியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தாதியான நான் தமிழ் என்று கண்டதும் அவர் சொன்ன முதல் வசனம்: "எனக்கு நல்லா நீந்தத் தெரியும் பிள்ளை. மயிலிட்டிக் கடலிலை நீந்தி வளந்தனான்."

நம்பினேன். ஆனால் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடல் இளஞ்சூடு. போர்ட் ஹோப்பில் ஒன்ராறியோ ஏரியோடு கலக்கிற கனரஸ்கா ஆறு ஏப்ரலில் பத்துப் பாகைக்கும் கீழே கிடக்கும்.

அந்தக் குளிரில் விழுந்தவுடனே வருவது விறைப்பு அல்ல, மூச்சிரைப்பு. நெஞ்சு தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். அதை அடக்க எந்த நீச்சற்காரராலும் முடியாது. குளிர் உடம்பை என்ன செய்யும் என்று ஆராய்ந்த மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார்: மூச்சு அடங்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணித்தியாலம். இது மிகக் குளிர்ந்த நீருக்கான கணக்கு. அந்த மணித்தியாலம் முழுவதும் தலை நீருக்கு மேலே நிற்க வேண்டுமே! லைஃப் ஜாக்கெட் அதற்குத்தான். எங்கள் அண்ணையின் ஜாக்கெட் வள்ளத்தில் இருந்தது, இருக்கைக்குக் கீழே, விலைச் சீட்டோடு. ஆளுக்கொன்று வள்ளத்தில் இருக்கவேண்டும் என்ற விதியை அவர் மீறவில்லை.

கரையில் நிற்பவர்கள் "எங்களுக்கு அது எதற்கு" என்பார்கள். ஸ்டீல்ஹெட், அதாவது ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறும் ட்ரவுட், பிடிப்பவர் கரையில் எங்கே நிற்கிறார்? மடுவின் விளிம்பை எட்ட இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். மழைக்குப் பிறகு கலங்கிய நீர் தெளிய ஆரம்பிக்கும் நேரம்தான் மீன் ஏறும் நேரம் என்று வேலைக்கு லீவு போட்டு ஓடுகிறார்கள். நீரோட்டம் பலமாக இருப்பதும் அப்போதுதான். 1980 மார்ச் 21 அன்று இதே ஆறு பெருகி போர்ட் ஹோப் கடைத்தெருவையே அடித்துச் சிதைத்தது. காலையில் முழங்காலளவு கடந்த இடம் பின்னேரம் அப்படியே இருக்காது.

நீருக்குள் நிற்கப் போடும், நெஞ்சுவரை ஏறும் வேடர்ஸ் காற்சட்டையைப் பற்றி ஒரு பயம் உண்டு: தண்ணீர் நிரம்பி ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று. தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரம் இல்லை, அது இழுக்காது. கரையேறும்போதுதான் அந்தப் பாரம் முழுவதும் காலில் தொங்கும். ஆகவே இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டுங்கள், உள்ளே போகும் நீர் குறையும். விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோடும் திசைக்கு நீட்டி மிதந்து, ஓட்டம் தணிந்த இடத்தில் கரைக்கு ஒதுங்குங்கள். வேகமான நீரில் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். கற்களுக்கிடையில் பாதம் சிக்கினால் நீரோட்டம் ஆளைக் குப்புற அமுக்கிவிடும்.

வள்ளக்காரருக்கு இரண்டே விஷயம். மோட்டார் பூட்டிய பின்பக்கத்தில் நங்கூரம் கட்டாதீர்கள், ஓட்டம் அதற்கு மேலால் ஏறி உள்ளே வரும். இரண்டாவதைச் சொல்லக் கூச்சம்தான்: வள்ளத்தில் எழுந்து நின்று சிறுநீர் கழிக்காதீர்கள், தடுமாறி விழுவீர்கள். ஒரு போத்தல் கொண்டுபோங்கள்.

விழுந்தவரைத் தூக்கிவிட்டால் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். ஈர உடுப்பைக் கழற்றிப் போர்த்துங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். "உடம்பு சூடாகும்" என்று யாராவது விஸ்கி நீட்டுவார், அது உள்ளிருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து இழக்க வைக்கும். தெளிவாகப் பேசுகிறவருக்கு மட்டும் இனிப்பான சுடுதேநீர். மற்றவர்களுக்கு 911.

அண்ணை அன்றிரவே தேறிவிட்டார். அடுத்த ஏப்ரலில் திரும்பவும் வந்தார், பெருவிரலில் தூண்டில் முள்ளோடு. முள்ளை எடுக்கும்வரை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. "வீசேக்கை இது கையை இடிக்குது பிள்ளை" என்று ஒரே முறைப்பாடு.