லேத் மோட்டாரில் இல்லாத 26 ஹெர்ட்ஸ்

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர், ஒரு வரைபடத்தை அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார். லேத்தை ஓட்டும் 2 குதிரைத்திறன் மோட்டாரின் மீது அதிர்வை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்345 என்ற முடுக்கமானி உணரியைப் பொருத்தி, அதை அர்டுயினோ ஊனோ என்ற சிறு நிரல் பலகையுடன் இணைத்து, கிடைத்த எண்களைக் கணினியில் அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். 26 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 26 அதிர்வில், ஒரு முகடு எழுந்து நிற்கிறது. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, அதாவது நொடிக்கு 24 சுற்று சுழல்வதாலும், முகடு அதற்கு அருகிலேயே இருப்பதாலும், புல்லியின் எடை ஒருபக்கம் கூடியிருக்கிறது என்று கருதி இருமுறை அதைச் சமன் செய்தும் முகடு தணியவில்லை. கண்ணேறு என்று சொல்லி உடன் வேலை செய்பவர் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டாராம். ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. பழுதைத் தேட வேண்டிய நேரத்தில் பழத்தைத் தேடுவதுதான் உறுத்துகிறது.

உணரியில் குறையில்லை. 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தச் சில்லுக்குள் ஒரு சிலிக்கான் திணிவு சிலிக்கான் வில்களில் தொங்குகிறது. மோட்டார் அதிரும்போது அது சற்றுப் பின்தங்குவதால் தகடுகளின் இடைவெளி மாறி, மின்தேக்குதிறனும் மாறுகிறது. அந்த மாற்றமே எண்ணாக வெளிவருகிறது. நொடிக்கு 800 முறை அளக்கும்படியே வாசகர் அதை அமைத்திருந்தார். ஆனால் ஒவ்வோர் அளவையும் உடனுக்குடன் 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட் வேகத்தில் கணினிக்கு அனுப்பினார். ஓர் எழுத்துக்கு 10 பிட் தேவை என்பதால், அந்த வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகளே செல்லும். ஓர் அளவுக்கு ஒரு வரி, அவருடைய ஒரு வரியில் 16 எழுத்துகள். ஆகவே உணரி 800 முறை அளந்தாலும், கணினிக்கு வந்து சேர்ந்தவை 60 மட்டுமே.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விந்தை நிகழ்கிறது. திருவிழா ராட்டினத்தில் சுற்றும் குழந்தையை, கண்ணை மூடிக்கொண்டு சீரான இடைவெளியில் ஒரு கணம் மட்டும் திறந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பார்வைகளுக்கு நடுவே குழந்தை ஒரு முழுச் சுற்றும் கூடுதலாகக் கால் சுற்றும் போயிருந்தால், நம் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கால் சுற்று மட்டுமே. முழுச் சுற்று எந்தத் தடயமும் இன்றி மறைந்துவிடும். அதேபோல், நொடிக்கு 86 முறை அதிரும் ஒன்றை நொடிக்கு 60 முறை பார்த்தால், அடுத்தடுத்த இரண்டு பார்வைகளுக்கு இடையே அது ஒரு முழு அதிர்வையும் மேலும் 60இல் 26 பங்கையும் கடந்திருக்கும். முழு அதிர்வு மறைய, மிஞ்சுவது 26 ஹெர்ட்ஸ். எண்களை எப்படிப் புரட்டினாலும் உண்மையான 26 ஹெர்ட்ஸிலிருந்து இதைப் பிரித்தறிய முடியாது, ஏனெனில் பிரித்துக் காட்டக்கூடிய தகவல் கணினிக்கு வந்து சேரவே இல்லை.

86 என்பதை நான் கற்பனையாக எடுக்கவில்லை. இந்த அளவு மோட்டார்களில் பெரும்பாலும் 6205 பேரிங்தான் இருக்கும். 9 குண்டுகள் கொண்ட பொதுவான வடிவத்தில், அதன் வெளிவளையத்தில் ஒரு பொத்தல் விழுந்தால், தண்டின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.585 குண்டுகள் அதன் மீது ஏறி இறங்கும். அதை 24ஆல் பெருக்கினால் 86. குண்டுகள் சற்று வழுக்குவதாலும் சுமைக்கேற்ப மோட்டாரின் வேகம் மாறுவதாலும் இந்த எண் சிறிது முன்பின் நகரலாம். ஸ்குரூடிரைவரின் முனையைப் பேரிங் மூடியில் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்கும் மூத்த டர்னர் ஒருவர் இதை எப்போதோ கண்டுபிடித்திருப்பார். காதில் இந்த 60 வரிக் கட்டுப்பாடு கிடையாது.

லட்சக்கணக்கில் வாங்கிய அதிர்வுப் பகுப்பாய்வுக் கருவிகள் சில கல்லூரிகளின் கண்ணாடி அலமாரியில் உறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆய்வு நிதியில் சிறு பங்கேனும் மலிவான உணரிகளாகப் பட்டறைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

வாசகர் செய்ய வேண்டிய சோதனை எளிது. வரிகள் நொடிக்குச் சரியாக 50 என வரும்படி நிரலை மாற்றிப் பார்க்கட்டும். உண்மையான 24 ஹெர்ட்ஸ் அதிர்வு இருந்த இடத்திலேயே இருக்கும். 86இன் போலி உருவமோ 26ஐ விட்டு 14 ஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். பிறகு, உணரி அளக்கும் திசைகளில் ஏதேனும் ஒன்றின் 512 அளவுகளை மட்டும் நொடிக்கு 800 வீதம் முதலில் பலகையின் நினைவகத்தில் சேர்த்துவிட்டு, அளந்து முடித்த பின் கணினிக்கு அனுப்பட்டும். அதற்கு 1024 பைட் போதும். ஊனோவில் 2048 உண்டு. அப்போது முகடு 86 ஹெர்ட்ஸுக்கு அருகே நின்றால், புல்லியை விட்டுவிட்டுப் பேரிங்கைக் கழற்றலாம்.